செராமிக் நான்ஸ்டிக் வாணலி எத்தனை நாள் உழைக்கும்?

கேள்வி: செராமிக் பூச்சுள்ள ஃப்ரைபான் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. முதல் இரண்டு மாதம் எண்ணெயே இல்லாமல் முட்டை வழுக்கிக்கொண்டு ஓடியது. இப்போது எண்ணெய் விட்டாலும் நடுவில் ஒட்டிப் பிய்கிறது. இத்தனைக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாறவில்லை. செராமிக் பான் வீணாகும் விதமே இதுதான். டெஃப்ளான் பூச்சு போனால் கீறலும் உரிந்த இடமும் கண்ணுக்குத் தெரியும். செராமிக் பூச்சு பார்க்கப் புதிதுபோலவே இருக்கும். வழுக்கல் மட்டும் சத்தமில்லாமல் போய்விடும்.

பெயர்தான் செராமிக், சூளையில் சுட்ட பீங்கான் அல்ல இது. மணலில் இருக்கும் அதே சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட ஒரு திரவத்தை அலுமினியத்தின் மேல் தெளித்து, சில நூறு டிகிரியில் வாட்டி இறுகச் செய்கிறார்கள். சோல்-ஜெல் முறை என்பார்கள். கிடைப்பது சில பத்து மைக்ரான் தடிமனுள்ள, கண்ணாடியை ஒத்த படலம். வெறும் கண்ணாடியில் முட்டை நன்றாகவே ஒட்டும். இதில் ஒட்டாமல் இருப்பதற்குக் காரணம், படலத்தின் மேற்பரப்பில் நிற்கும் மீத்தைல் கொத்துகளும் (கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்தவை) சில தயாரிப்புகளில் சேர்க்கப்படும் சிலிக்கோன் எண்ணெயும். பான் அளவுக்கு மீறிச் சூடாகும் ஒவ்வொரு தடவையும் இவற்றில் கொஞ்சம் எரிந்துபோகிறது. கண்ணாடி அப்படியே நிற்கும், அதன் மேலிருந்த வழவழப்பு நிற்காது. சில பெட்டிகளில் '450 டிகிரி வரை தாங்கும்' என்று போட்டிருப்பார்கள். பொய்யில்லை, கண்ணாடிப் படலம் தாங்கும். முட்டை ஒட்டாத குணம் அதற்கு வெகு முன்பே விடைபெற்றுவிடும்.

டெஃப்ளானில், அதாவது பிடிஎஃப்இ பூச்சில், மேலே கொஞ்சம் தேய்ந்தாலும் அடியில் இருப்பதும் அதே வழுக்கும் பொருள்தான். அதனால் அது மூன்று முதல் ஐந்து ஆண்டு ஓடும். தினமும் அடுப்பேறும் செராமிக் பானுக்கு ஓராண்டு, பார்த்துப் பயன்படுத்தினால் இரண்டு ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மாதம் குறைவுதான், ஆனால் அதிசயமில்லை.

ஆனாலும் அவசரப்பட்டுத் தூக்கிப் போட வேண்டாம். ஒட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: எண்ணெய்ப் பிசுக்கு. எண்ணெயின் மெல்லிய படலம் சூட்டில் இறுகி, வார்னிஷ் பூசியதுபோல் பழுப்பாகப் படிந்துவிடும். பானின் பக்கச் சுவரைப் பாருங்கள். உணவு தொடும் மட்டத்துக்குச் சற்று மேலே பழுப்பு வளையம் இருக்கிறதா? அங்கே தெறித்த எண்ணெய்த் துளிகளைக் குளிர்விக்க உணவோ நீரோ இல்லாததால் முதலில் அங்கேதான் பிசுக்கு பிடிக்கும். அந்த வளையம் இருந்தால் நடுவிலும் மெல்லியதாக இருக்க வாய்ப்பு அதிகம். விரல் நுனியால் தேய்த்தாலும் தெரியும்: சர்க்கரைப்பாகு காய்ந்ததுபோல் பிடித்துப் பிடித்துப் போனால் பிசுக்கு.

எடுக்கும் முறை: ஆறிய பானில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டு, சின்னத் தீயில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். அடுப்பை அணைத்து, கை பொறுக்கும் அளவு ஆறியதும் தண்ணீரைக் கொட்டுங்கள். பிறகு மூன்று பங்கு சோடாவில் ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் குழைத்து, மென்மையான ஸ்பாஞ்சால் இரண்டு மூன்று நிமிடம் வட்டமாகத் தேயுங்கள். மிச்சமுள்ள கறைக்கு, கறை அழிக்க விற்கும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சை நனைத்து, அழுத்தாமல் ஓட்டுங்கள். கம்பி நாரும் பச்சை ஸ்க்ரப்பரும் வேண்டாம். சோடாக் கரைசலை இரவு முழுக்க ஊற விடாதீர்கள், இதை வாராவாரமும் செய்யாதீர்கள். கொதித்த சோடாவின் காரம் சிலிக்காவையும் மெல்ல அரிக்கும். எங்காவது அலுமினியம் வெளியே தெரிந்தால் அதைக் கறுக்கவும் வைக்கும்.

துடைத்து உலர்த்தியதும், குளிர்ந்த பானில் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் விடுங்கள். தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டு திரண்டு ஓடினால் பூச்சுக்கு உயிர் இருக்கிறது. கண்ணாடி மேசையில் கொட்டியதுபோல் தட்டையாகப் பரவி நின்றால் மேற்பரப்பு போய்விட்டது. அதை வீட்டில் திரும்பக் கொண்டுவர வழியில்லை. மேலே தடவச் சொல்லி விற்கும் எண்ணெய்களும் மெழுகுகளும் இரண்டு சமையலுக்குக்கூட வராது.

கேள்வி: வழுக்கல் போன செராமிக் பானில் தொடர்ந்து சமைத்தால் உடம்புக்குக் கெடுதலா?

பதில்: ஒட்டுகிறது என்பது மட்டும் குறை என்றால் கெடுதல் இல்லை, தாராளமாகச் சமைக்கலாம். பூச்சு பெயர்ந்து உலோகம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். உணவோடு வயிற்றுக்குள் போன துணுக்கு கரையாமல் வெளியேறிவிடும். ஆனால் தக்காளி, எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்புகள் வெறும் அலுமினியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும்.

ஒரு விஷயத்தில் செராமிக்குக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். பிடிஎஃப்இ ஏறக்குறைய 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும், 350-ஐத் தாண்டினால் வேகமாக. அந்தப் புகை மனிதர்களுக்குக் காய்ச்சல்போன்ற உபாதையைத் தரும், கூண்டுப் பறவைகளைக் கொன்றேவிடும். காலி பானைப் பெரிய தீயில் வைத்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் சில நிமிடங்களில் அந்தச் சூடு வந்துவிடும். அடுப்பில் மறந்துபோகும் பழக்கமும் வீட்டில் கிளியும் இருந்தால், குறைவாக உழைத்தாலும் செராமிக்தான் சரி.

கேள்வி: கடையில் ஒன்றில் 'பிஎஃப்ஓஏ இல்லை' என்றும், இன்னொன்றில் 'கிரானைட்' என்றும், வேறொன்றில் 'டைட்டானியம்' என்றும் போட்டிருக்கிறது. இதில் செராமிக் எது?

பதில்: இந்த மூன்று சொற்களும் அதைச் சொல்வதில்லை. பிஎஃப்ஓஏ என்பது டெஃப்ளான் வகைப் பூச்சைத் தயாரிக்க முன்பு பயன்பட்ட ஒரு துணைப்பொருள். எளிதில் அழியாத நச்சுப்பொருள்களைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலிலும் 2019-இல் சேர்ந்துவிட்டது. பெரிய தயாரிப்பாளர்கள் அதற்கு முன்பே கைவிட்டதால் டெஃப்ளான் பான்களும் 'பிஎஃப்ஓஏ இல்லை' என்று பெருமையாகப் போட்டுக்கொள்கின்றன. 'கிரானைட்', 'மார்பிள்', 'ஸ்டோன்' எல்லாம் பெரும்பாலும் புள்ளி போட்ட தோற்றம். அடியில் பிடிஎஃப்இ-யும் இருக்கலாம், செராமிக்கும் இருக்கலாம். 'டைட்டானியம்', 'டைமண்ட்' என்றால் பூச்சில் கடினமான துகள் கொஞ்சம் கலந்திருக்கிறார்கள் என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேட வேண்டிய சொல் 'பிடிஎஃப்இ இல்லை' அல்லது 'பிஎஃப்ஏஎஸ் இல்லை' (பிடிஎஃப்இ, பிஎஃப்ஓஏ எல்லாம் அடங்கிய ஃப்ளூரின் சேர்மக் குடும்பத்தின் பெயர் பிஎஃப்ஏஎஸ்). இரண்டும் காணவில்லை என்றால், பூச்சு என்ன பொருள் என்று கையேட்டிலோ தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலோ பாருங்கள். அங்கும் மழுப்பினால் அந்தப் பானை விட்டுவிடுங்கள். நிறத்தை நம்ப வேண்டாம். வெள்ளை, கிரீம் நிறமெல்லாம் செராமிக் என்று நினைப்பது பொதுவான தவறு.

கேள்வி: 'டிஷ்வாஷரில் போடலாம்', 'உலோகக் கரண்டி பயன்படுத்தலாம்' என்று இருக்கிறது. நம்பலாமா?

பதில்: போடலாம், பான் உடையாது. ஆனால் டிஷ்வாஷர் மாத்திரையின் காரம் சூட்டோடு சேர்ந்து சிலிக்காவைக் கரைக்கும். கண்ணாடித் தம்ளர்கள் நாளாக ஆக மங்கிப்போவதைப் பார்த்திருப்பீர்களே, அதே வேலைதான் உங்கள் பானிலும் நடக்கும். கையால் கழுவ ஒரு நிமிடம்கூட ஆகாது.

உலோகக் கரண்டியைப் பொறுத்தவரை, செராமிக் பூச்சு டெஃப்ளானைவிடக் கடினமானது என்பது உண்மை. கடினமாக இருப்பதாலேயே உடையவும் செய்யும். விளிம்பில் கரண்டியைத் தட்டினால் சில்லு பெயரும். மரம், சிலிக்கோன் சட்டுவம் போதும். அடுக்கி வைக்கும்போது நடுவில் ஒரு துணி போடுங்கள். மேலே வைக்கும் பாத்திரத்தின் அடிவிளிம்பு போடும் கீறல்கள் கரண்டி போடுவதைவிட மோசம்.

கேள்வி: கடைக்காரர் ஐந்து வருட வாரண்டி உண்டு என்றார். ஒட்ட ஆரம்பித்தால் மாற்றித் தருவார்களா?

பதில்: வாரண்டி அட்டையின் சின்ன எழுத்தைப் படியுங்கள். 'வழக்கமான தேய்மானம், நிறமாற்றம், அதிகச் சூடு, டிஷ்வாஷர் பயன்பாடு ஆகியவற்றால் வரும் குறைகள் நீங்கலாக' என்ற பொருளில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். ஒட்டுவது அதற்குள் அடங்கிவிடும். பூச்சு கொப்புளம் போடுவது, தானாக உரிவது, கைப்பிடி ஆடுவது, அடி வளைவது ஆகியவைதான் உற்பத்திக் குறையாகச் செல்லுபடியாகக்கூடியவை. வாங்கிய அன்றே சமதளக் கண்ணாடியிலோ கல் மேடையிலோ பானை வைத்து விளிம்பை அழுத்திப் பாருங்கள். ஆடினால் உடனே மாற்றுங்கள். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் 'நீங்கள் சூடாக்கியதால் வளைந்தது' என்று பதில் வரும். ரசீதையும் வாரண்டி அட்டையையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: செராமிக்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். செட்டாக வாங்கினால் மலிவாகப் படுகிறது. எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பயன்படுத்தினால் கூடுதலாக உழைக்கும்?

பதில்: செட் வேண்டாம். செட்டில் முதலில் போவது ஃப்ரைபான், மற்றவை நின்றுவிடும். சாஸ்பானில் எப்போதும் நீர் இருப்பதால் அதன் அடி 100 டிகிரியை ஒட்டியே இருக்கும், பூச்சு பல வருடம் நிற்கும். ஃப்ரைபான் சர்வசாதாரணமாக 200-ஐத் தொடும். ஆகவே அடிக்கடி மாற்றப்போகும் ஒன்றை மட்டும் தனியாக, நடுத்தர விலையில் வாங்குங்கள். அதிக விலை கொடுத்தால் கைப்பிடியும் அடித்தடிமனும் நன்றாக இருக்கும். பூச்சின் ஆயுள் அந்த அளவுக்குக் கூடுவதில்லை.

அடி மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், நான்கு ஐந்து இருந்தால் இன்னும் நல்லது. மெல்லிய அடியில் தீ படும் இடம் மட்டும் கொதித்து, பூச்சு நடுவில் வட்டமாகச் சாகும். இண்டக்ஷன் அடுப்பு என்றால் அடியில் பதித்த காந்தத் தகடு அடியின் பெரும்பகுதியை மூடுகிறதா என்று பாருங்கள். தகடு சிறியதாக இருந்தால் அந்த வட்டம் மட்டும் காயும்.

பயன்படுத்தும்போது தீ தான் முக்கியம். நடுத்தரத்துக்கும் கீழே வைத்து, ஒரு நிமிடம் ஒன்றரை நிமிடம் சூடாக்கினால் போதும். அலுமினியம் சட்டென்று சூடேறும். கேஸ் தீ அடியைத் தாண்டிப் பக்கச் சுவரை நக்கக் கூடாது. இண்டக்ஷனில் 'பூஸ்ட்' பொத்தானை இந்தப் பானுக்குத் தொடவே தொடாதீர்கள். சரியான சூடா என்று பார்க்க ஒரு துண்டு வெண்ணெய் போடுங்கள்: மெல்ல நுரைத்து முணுமுணுத்தால் சரி, விழுந்தவுடன் பழுப்பானால் அதிகம். மீனோ இறைச்சியோ கருக வறுக்க வேண்டுமென்றால் இந்தப் பானில் செய்யாதீர்கள். அதற்கு இரும்போ எவர்சில்வரோ தனியாக ஒன்று இருக்கட்டும்.

எண்ணெய் அரைத் தேக்கரண்டியாவது விடுங்கள். கடையில் விற்கும் எண்ணெய் ஸ்ப்ரே புட்டி வேண்டாம். அதில் சேரும் லெசித்தின் சூட்டில் கோந்துபோல் படிந்து, முன்பு சொன்ன பிசுக்கை ஒரே மாதத்தில் கொண்டுவரும்.

சமைத்து முடித்த சூட்டோடு குழாயடியில் காட்டுவதையும் நிறுத்துங்கள். சூட்டில் அலுமினியம் நன்றாக விரியும், மேலே இருக்கும் கண்ணாடிப் படலம் அவ்வளவு விரியாது. தண்ணீர் பட்டதும் உலோகம் சடாரென்று சுருங்க, படலத்தில் மயிரிழை விரிசல் விழும். பானைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் சிலந்தி வலைபோல் பழுப்புக் கோடுகள் தெரியும். அது விரிசலுக்குள் இறங்கிய எண்ணெய். அங்கிருந்துதான் பூச்சு பெயர ஆரம்பிக்கும்.

கேள்வி: இரும்புச் சட்டியைப் பழக்குவதுபோல் புதிய செராமிக் பானுக்கும் எண்ணெய் தடவிக் காய்ச்ச வேண்டுமா?

பதில்: வேண்டாம். இரும்பில் எண்ணெய் இறுகிப் படிவதுதான் அதற்குப் பூச்சு. செராமிக்கில் அதே படிவு வழுக்கலை மூடிவிடும், அதாவது மேலே சோடா போட்டுத் தேய்த்து எடுக்கச் சொன்ன பிசுக்கை நீங்களே முதல் நாளே பூசியதாகிவிடும். சில கையேடுகள் முதல் தடவை ஒரு துளி எண்ணெயைத் துணியால் தடவச் சொல்லும். தடவலாம், ஆனால் குளிர்ந்த பானில், அடுப்பில் ஏற்றாமல். மற்றபடி வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவித் துடைத்தால் சமைக்கத் தயார்.