ஸ்ப்ராக்கெட்டையும் டயரையும் மாற்றினால் ஓடோமீட்டர் தவறாகக் காட்டுமா?

பைக்கில் முன் ஸ்ப்ராக்கெட்டை (கியர்பாக்ஸ் தண்டில் இருந்து செயினை இழுக்கும் பல்சக்கரத்தை) 15 பல்லிலிருந்து 14 பல்லுக்கு மாற்றி, பின் டயரையும் 130/70-17 இலிருந்து 140/70-17 ஆக்கினால் ஓடோமீட்டர் எவ்வளவு பிசகும் என்று கேட்டிருக்கிறீர்கள். (டயர் எண்ணில் முதலாவது மி.மீ.இல் அகலம்; அடுத்தது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது; கடைசியானது அங்குலத்தில் ரிம்மின் அளவு.) கணக்கில் இறங்குமுன், சுற்றுகளை எண்ணும் சென்சார் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்று குனிந்து பார்த்துவிடுங்கள். பாதி பதில் அங்கேதான் இருக்கிறது.

ஓடோமீட்டர் தூரத்தை அளப்பதில்லை. ஏதோ ஒன்று சுற்றுவதை எண்ணி, அதைத் தூரமாக மாற்றிக் காட்டுகிறது. எண்ணும் இடத்துக்கும் தரைக்கும் நடுவில் உள்ளதை மாற்றினால்தான் கணக்கு கெடும். சென்சார் முன் சக்கரத்தில் இருந்தால், நீங்கள் சொன்ன இரண்டு மாற்றங்களாலும் ஒரு மீட்டர்கூடப் பிசகாது. பின்னால் என்ன நடக்கிறது என்பதே அதற்குத் தெரியாது.

கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் தண்டில் சென்சார் இருந்தால் கதை வேறு. முன்பு 14 சுற்றில் கடந்த தூரத்துக்கு அந்தத் தண்டு இப்போது 15 சுற்று சுற்ற வேண்டும். ஆகவே 1000 கி.மீ. ஓடினால் 1071 என்று காட்டும். டயரோ எதிர்ப்பக்கம் இழுக்கிறது: குறுக்களவு (விட்டம்) சுமார் 614 மி.மீ.இலிருந்து 628 ஆகிறது, அதாவது 2.3 சதவீதம் கூடுதல். பெரிய சக்கரம் குறைவாகச் சுற்றும். எனவே மீட்டரும் குறைத்துக் காட்டும். இரண்டும் சேர்ந்தால் 1000 கி.மீ.க்கு 1047 அல்லது 1048 வரும். (எந்த கியரில் ஓட்டுகிறீர்கள் என்பது பொருட்டல்ல; எண்ணிக்கை கியர்பாக்ஸைத் தாண்டிய பிறகு நடக்கிறது.)

அகலமான டயர் என்றாலே உயரமான டயர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 140/60-17 போட்டுப் பாருங்கள்: அகலம் கூடும், குறுக்களவோ 600 மி.மீ.க்குச் சுருங்கிவிடும். அப்போது டயரும் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே பக்கம் இழுக்க, 1000 கி.மீ.க்கு 1096 வரை காட்டும். டயர் தேய்வதும் அதே திசையில்தான் வேலை செய்கிறது. குறுக்களவில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலே ஒன்றரை சதவீதத்துக்கு மேல் கூட்டிக் காட்டும்.

சரிபார்க்க ஸ்பீடோமீட்டரை நம்ப வேண்டாம். உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்று விதி இருப்பதால், அதைச் சற்றுக் கூட்டியே காட்டும்படி அமைக்கிறார்கள். வளைவு குறைந்த நீண்ட சாலையில் ஜி.பி.எஸ். தூரத்தையும் ஓடோமீட்டர் தூரத்தையும் ஒப்பிடுங்கள். ஜி.பி.எஸ். 50, மீட்டர் 52.4 என்றால், இனி மைலேஜ் கணக்குப் போடும்போது மீட்டர் காட்டும் தூரத்தை 1.048 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.