கனடாச் சிற்றூர்களுக்கு வேலை வழியாகக் குடியேறுவது: கேள்வி பதில்

கேள்வி: கொட்டாஞ்சேனையில் ஆறு வருடமாகப் பேக்கரியில் வேலை செய்கிறேன், அண்ணா. அட்லாண்டிக் திட்டத்துக்கு நான் போடலாமா?

பதில்: போடலாம், தம்பி. கனடாவின் தொழில் பட்டியலில் பேக்கருக்கு இலக்கம் 63202, படி 3. படி என்பது வேலைக்கு வேண்டிய கல்வி, பயிற்சியின் அளவு; 0 ஆக உயர்ந்தது, 5 ஆகக் குறைந்தது. நியூ பிரன்ஸ்விக், நோவா ஸ்கோஷியா, பிரின்ஸ் எட்வர்ட் தீவு, நியூஃபவுண்ட்லாந்து-லாப்ரடோர் ஆகிய மாகாணங்களுக்கான இந்தத் திட்டம் படி 4 வரை எடுக்கும். காசாளர் வேலை படி 5 என்பதால் இதில் அடங்காது.

கடைசி 5 வருடத்துக்குள் 1,560 மணி நேரம் சம்பளத்துக்கு வேலை செய்திருக்க வேண்டும். அது கிழமைக்கு 30 மணி வீதம் ஒரு வருடக் கணக்கு. 60 மணி வீதம் உழைத்து ஆறு மாதத்தில் முடித்ததாகக் காட்டினால் எடுபடாது.

பலர் தடுக்கி விழுவது முதலாளியின் கடிதத்தில்தான். "எங்களிடம் வேலை செய்தார், நல்ல பிள்ளை" என்ற இரண்டு வரியால் பயனில்லை. நிறுவனத் தலைப்புத் தாளில் பதவி, தொடங்கிய திகதி, கிழமைக்கு எத்தனை மணி, சம்பளம், செய்த வேலைகள் எல்லாம் இருக்க வேண்டும். மா குழைத்தது, புளிக்க வைத்தது, போறணைச் சூடு பார்த்தது என்று உண்மையில் செய்ததையே எழுதுவியுங்கள். கனடாவின் தொழில் பட்டியலில் உள்ள வரிகளைப் பார்த்து எழுதினால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும்.

சேமலாப நிதிக் கூற்றையும் கடிதத்தோடு ஒத்துப் பாருங்கள். முதலாளியின் 12 வீதமும் உங்கள் 8 வீதமும் சேர்ந்து மாதம் 6,000 ரூபாய்தான் கட்டப்பட்டிருந்தால், அது 30,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு உரியது. கடிதத்தில் 90,000 என்று இருந்தால் கேள்வி வரும். வித்தியாசத்துக்கான காரணத்தை முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். வங்கிக் கூற்றையும் இணையுங்கள்.

கேள்வி: வெள்ளவத்தையில் சொந்தக் கடை நடத்திய அனுபவம் சேருமா?

பதில்: சேராது. சுயதொழில் மணித்தியாலங்களை இத்திட்டத்தில் கணக்கெடுப்பதில்லை.

கேள்வி: ஏஜென்ட் ஒருவர் எல்எம்ஐஏ எடுத்துத் தருவதாக 25 இலட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா, ஐயா?

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள். எல்எம்ஐஏ என்பது வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி கனடா அரசிடம் பெறும் அனுமதி. அட்லாண்டிக் திட்டத்துக்கு அது தேவையே இல்லை. மாகாணம் அங்கீகரித்த முதலாளிதான் வேலை தர முடியும். அப்படி அங்கீகரித்த முதலாளிமாரின் பட்டியல் மாகாண இணையத்தளத்தில் இருக்கிறது. அதில் பெயர் இல்லாவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். உள்ளூர் முகவருக்கு உரிமம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். பொய்க் கடிதம் பிடிபட்டால் 5 வருடத் தடை விழுவது உங்கள் பெயரில்தான், ஏஜென்டுக்கு அல்ல.

கேள்வி: நான் தாதி. பராமரிப்பு உதவியாளர் வேலைதான் கிடைத்திருக்கிறது. ஆங்கிலம் எவ்வளவு வேண்டும்?

பதில்: தாதி அனுபவத்தோடு உதவியாளர் வேலைக்குப் போக அட்லாண்டிக் திட்டத்தில் விசேட இடம் உண்டு, தங்கச்சி. படி 3க்குக் கனடாவின் மொழி அளவுகோலில் மட்டம் 5 வேண்டும். அதாவது ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையின் ஜெனரல் பிரிவில் கேட்டல் 5, வாசிப்பு 4, எழுத்து 5, பேச்சு 5. அகடமிக் பரீட்சை செல்லாது. பெறுபேறு 2 வருடம்தான் செல்லும். விண்ணப்பம் அனுப்பும் நாளன்று அது காலாவதியாகி இருக்கக்கூடாது.

கேள்வி: ஒன்ராறியோவின் திம்மின்ஸ் ஊருக்குப் போய், பிறகு ரொறன்ரோவுக்கு மாறலாமா? அவுஸ்திரேலியாவில் எப்படி?

பதில்: திம்மின்ஸ் 2025 ஜனவரியில் கனடா தொடங்கிய கிராமியச் சமூகக் குடியேற்றத் திட்டத்தின் 14 ஊர்களில் ஒன்று. அதற்கு அனுபவம் கடைசி 3 வருடத்துக்குள் இருக்க வேண்டும். நிரந்தர வதிவிடம் கிடைத்தபின் எந்த மாகாணத்திலும் வாழ உரிமை உண்டு. ஆனால் அந்த ஊரில் வாழும் எண்ணம் இருக்கிறது என்று சொல்லித்தான் விண்ணப்பிக்கிறீர்கள். ரொறன்ரோவை மனதில் வைத்துக்கொண்டு அப்படி எழுதுவது பொய். ஊர் தரும் பரிந்துரைகள் எண்ணிக்கையில் குறைவு. உண்மையாக அங்கே இருக்க நினைப்பவரின் இடம் பறிபோகிறது. அதை நான் நியாயமாகக் கருதவில்லை.

அவுஸ்திரேலியாவில் பெருநகரங்களுக்கு வெளியே குடியேறுவோருக்கான 491 விசா இன்னும் இறுக்கம். 5 வருட விசா அது. சிட்னி, மெல்பேர்ன், பிரிஸ்பேன் நகரங்களுக்கு வெளியேதான் வாழவும் வேலை செய்யவும் வேண்டும். அப்படி 3 வருடம் இருந்தால் 191 நிரந்தர விசாவுக்குப் போடலாம்.

கேள்வி: பிறப்புச் சான்றிதழில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது, பாஸ்போட்டில் தகப்பன் பெயரும் சேர்ந்திருக்கிறது.

பதில்: இரண்டும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்போடு வையுங்கள். சேவைக் கடிதம், ஐஈஎல்டிஎஸ், பொலிஸ் நற்சான்றிதழ் எல்லாவற்றிலும் பாஸ்போட்டில் உள்ள எழுத்துக்கூட்டலே வரட்டும். பரீட்சைக்குப் பதியும் அன்றே அதைப் பாருங்கள். பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.