செடிகளோடு ஒதுங்கியவரா அவர்?

கேள்வி: என் மருமகள் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரைச் சேர்ந்தவள். அவளுடைய எள்ளுத்தாத்தா பிறவியிலேயே காது கேளாதவர். 1880களில் ஜெர்மனியிலிருந்து வந்து, அங்கே நர்சரி வைத்து நன்றாகவே வாழ்ந்திருக்கிறார். பேச வேண்டிய அவசியமில்லாத தொழில் என்பதால் மனிதர்களை விட்டுச் செடிகளோடு ஒதுங்கிவிட்டார் என்று அவர்கள் வீட்டில் சொல்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்காக அவர் கதையை எழுத ஆசை. ‘மௌனமே அவர் மொழி’ என்று தலைப்பும் வைத்துவிட்டேன். எங்கிருந்து தொடங்கலாம்?
– கோவை வாசகர்

பதில்: முதலில் அந்தத் தலைப்பை எடுத்துவிடுங்கள். கதையில் ஒரு வரி எழுதும் முன்பே அந்த மனிதரின் வாயையும் கையையும் சேர்த்துக் கட்டிவிட்டீர்கள்.

நர்சரி பேச வேண்டாத தொழில் என்று யார் சொன்னது? அதுவும் அன்றைய ரோச்செஸ்டரில்! 1840-ல் ஜார்ஜ் எல்வாங்கர் என்ற ஜெர்மானியரும் பேட்ரிக் பேரி என்ற ஐரிஷ்காரரும் அங்கே தொடங்கிய நர்சரி, உச்சத்தில் 600 ஏக்கரைத் தாண்டியது. இருவருமே கப்பலேறி வந்து குடியேறியவர்கள்தான். அவர்களைப் பார்த்து இன்னும் பலர் இறங்க, ஊருக்கே ‘மலர் நகரம்’ என்று பெயர் வந்தது. போட்டி நிறைந்த அப்படி ஓர் ஊரில் ஒருவர் நர்சரி வைத்துப் பிழைத்தார் என்றால், கூலியாட்களோடும் மொத்த வியாபாரிகளோடும் ரயில்வே குமாஸ்தாக்களோடும் கடன் கேட்டு வந்த விவசாயிகளோடும் நாள் தவறாமல் மல்லுக்கட்டியிருக்கிறார் என்று அர்த்தம். ஒதுங்கி வாழ நினைப்பவர் தேர்ந்தெடுக்கும் தொழில் அல்ல அது.

மரக்கன்று விற்ற முறையைப் பாருங்கள். ஏஜென்ட்கள் பண்ணை பண்ணையாகப் போய் ஆர்டர் பிடிப்பார்கள். கையில் ஒரு படப் புத்தகம் இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் வண்ணத்தில் ஆப்பிள், பேரிக்காய், ரோஜா. ரோச்செஸ்டரில் புத்தக வியாபாரம் செய்த டி. எம். டூயி என்பவர் அந்தப் படங்களைத் தயாரித்து விற்பதையே பெரிய தொழிலாக நடத்தினார். படத்தைக் காட்டி, விலையை எழுதி, சீட்டில் கையெழுத்து வாங்கும் வியாபாரத்தில் காது கேளாதவருக்கு இடமே இல்லை என்று எப்படிச் சொல்வது? உங்கள் மருமகளின் வீட்டுப் பரணில் பழைய விலைப்பட்டியலோ ஆர்டர் சீட்டோ கிடைத்தால், அதைவிடப் பெரிய சொத்து உங்களுக்கு வேண்டாம்.

கைவேலையைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். கோடையின் கடைசியில், வரிசையாக நிற்கும் நாற்றுகளுக்கு முன்னால் குனிந்து, தரையிலிருந்து சில அங்குல உயரத்தில் பட்டையை ‘டி’ எழுத்துப் போலக் கீறுவார்கள். நல்ல ரகத்தின் கிளையிலிருந்து ஒரு மொட்டைப் பட்டைத் துண்டோடு சீவி எடுத்து, கீறலுக்குள் செருகி, மொட்டு மட்டும் வெளியே தெரியும்படி நாரால் கட்டுவார்கள். மொட்டு காய்வதற்குள் முடிக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து, விட்டுவைத்த இலைக்காம்பை விரலால் லேசாகத் தட்டிப் பார்ப்பார்கள். உதிர்ந்தால் ஒட்டுப் பிடித்துவிட்டது. சுருங்கிக் காய்ந்து அப்படியே நின்றால் மொட்டு செத்துவிட்டது. நல்ல கண்ணும் பழகிய விரலும் வேண்டிய வேலை.

ஆனால் கைத்திறனோடு விஷயம் முடிவதில்லை. வாங்குகிறவர் கைக்குப் போவது இலையில்லாத ஒரு குச்சி. அது சொன்ன ரகம்தானா என்பது காய்த்த பிறகுதான் தெரியும். ஆப்பிளுக்கு ஐந்தாறு வருடம் ஆகும், அதற்கு மேலும் ஆகலாம். அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போன மரக்கன்று ஏஜென்ட்கள் ஏதோ ஒரு குச்சியை ஏதோ ஒரு பெயரில் தலையில் கட்டிவிட்டுப் போனது பெரிய புகாராகவே இருந்தது. அப்படிப்பட்ட சந்தையில் இவர் கட்டிய பெயர்ச்சீட்டை நம்பி மக்கள் மறுபடி மறுபடி வாங்கியிருக்கிறார்கள். உங்கள் கதையின் மையம் இதுதான் என்பேன்.

அடுத்தது, அவர் எப்படி உள்ளே வந்தார்? 1882-ல் அமெரிக்கா ஒரு குடியேற்றச் சட்டம் போட்டது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் பொதுச் செலவில் விழக்கூடியவர் என்று தோன்றினால் துறைமுகத்திலிருந்தே திருப்பி அனுப்பலாம். 1891-லும் 1907-லும் பிடி இன்னும் இறுகியது. உடம்பில் திடமும் கையில் தொழிலும் இருந்த காது கேளாதவர்கள் பலர் இந்தக் காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. குடியேற வருபவர்களைச் சோதித்த எல்லிஸ் தீவு நிலையம் திறந்தது 1892-ல்தான். நீங்கள் சொல்லும் காலத்தில் நியூயார்க்கில் இறங்கியவர்கள் அதற்கு முந்தைய குடியேற்ற நிலையமான காசில் கார்டன் வழியாக வந்தார்கள். பயணிகள் பட்டியலில் அவர் பெயருக்கு மேலும் கீழும் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அண்ணனோ மாமாவோ கூட வந்திருக்கலாம். அப்படி ஓர் ஆள் தென்பட்டால் அவரையும் கதைக்குள் கொண்டுவாருங்கள்.

மொழிக்கு வருவோம். ஜெர்மனியில் காது கேளாதோர் கல்வி, 1778-ல் சாமுவேல் ஹைனிக்கே லைப்சிக்கில் தொடங்கிய பள்ளியின் வழியில், குரலெழுப்பிப் பேசவும் உதட்டசைவைப் படிக்கவும் பழக்குவதாகவே பெரும்பாலும் இருந்தது. அங்கே படித்தவர் என்றால் அவர் பழகியது ஜெர்மன் உதடுகளை. ரோச்செஸ்டரில் எதிரே இருந்தவை ஆங்கில உதடுகள். சைகையும் வேறு. அமெரிக்கச் சைகை மொழிக்கு ஒரு வேர் பிரான்சில் இருக்கிறது. 1816-ல் அங்கிருந்து வந்த லோரன் கிளேர்க் என்ற காது கேளாத ஆசிரியர் கொண்டுவந்தது அது. ரோச்செஸ்டரிலோ 1876-ல் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியில், ஆங்கிலச் சொற்களை எழுத்தெழுத்தாக விரலால் காட்டும் முறையை அதன் தலைவர் செனாஸ் வெஸ்டர்வெல்ட் புகுத்தினார். அதற்கு ‘ரோச்செஸ்டர் முறை’ என்றே பெயர். ஆக, வந்த ஊரில் பிழைக்க இவர் எழுத்து, உதடு, விரல், சைகை என்று எல்லாவற்றையும் புதிதாகக் கற்றிருக்க வேண்டும். இவரைப் போய் மௌனத்தில் வைக்கிறீர்களே!

லியோ லெஸ்கெரோவை யாராவது உங்களுக்கு உதாரணம் காட்டலாம். சுவிட்சர்லாந்தில் பிறந்து, இளம் வயதிலேயே கேட்கும் திறனை இழந்து, அமெரிக்கா வந்து, ஒஹையோவில் பாசிகளையும் தாவரப் புதைபடிவங்களையும் ஆராய்ந்த பெரிய அறிஞர். தேசிய அறிவியல் கழகம் தொடங்கப்பட்ட பின் அதற்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர். காது கேளாமை தன்னை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரித்து இயற்கையோடு வாழவைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். சரி, அது அவர் அனுபவம். அதைக் கடன் வாங்கி உங்கள் நர்சரிக்காரர் மேல் ஒட்டாதீர்கள்.

தேட வேண்டிய இடங்கள்: 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் 1910 கணக்கெடுப்பிலும் காது கேளாதவர்களைக் குறிக்கத் தனிக் கட்டம் உண்டு. 1890 தாள்களில் பெரும்பகுதி 1921 தீ விபத்தோடு போய்விட்டது, அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். அப்புறம், நியூயார்க்கிலிருந்து வந்த ‘டெஃப்-மியூட்ஸ் ஜர்னல்’ என்ற வார இதழைக் கட்டாயம் புரட்டுங்கள். காது கேளாதவர்கள் தங்களுக்காகவே நடத்திய பத்திரிகை அது. யார் யாரைப் பார்க்க வந்தார், யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் விருந்து என்று ஊர்வாரியாகச் செய்தி வரும். ஒதுங்கி வாழ்ந்ததாக உங்களுக்குச் சொல்லப்பட்டவர் அங்கே ஒரு விருந்தில் உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்க்கக்கூடும்.

கடைசியாக ஒன்று. இவ்வளவு எழுதிய உங்கள் கடிதத்தில் அவர் மனைவியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த அம்மாவுக்குக் காது கேட்குமா? 1883-ல் அலெக்சாண்டர் கிரகாம் பெல், காது கேளாதவர்கள் தங்களுக்குள் மணம் செய்துகொண்டால் காது கேளாத ஓர் இனமே உருவாகிவிடும் என்று எச்சரித்தார். 1898-ல் எட்வர்ட் ஆலன் ஃபே 4,000-க்கும் மேற்பட்ட திருமணங்களைத் திரட்டி ஆராய்ந்தபோது, காது கேளாத குழந்தை பிறந்தது அவற்றில் பத்தில் ஒன்றுக்கும் குறைவான குடும்பங்களில்தான். அந்தப் பேச்சுகள் காற்றில் இருந்த நாளில்தான் இவர்கள் வீட்டில் குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள். கதவைத் தட்டிய வாடிக்கையாளரிடம் யார் பேசினார்கள், கணக்கு யார் எழுதினார்கள், பிள்ளைகள் அப்பாவோடு எப்படிப் பேசினார்கள் என்று உங்கள் சம்பந்தி வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். எழுதத் தொடங்கும் முன் அந்த அம்மாவின் பெயரையாவது தெரிந்துகொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.