கொல்லைக் கோழியும் பறவைக் காய்ச்சலும்: எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது?

கேள்வி: வீட்டில் இருபது நாட்டுக்கோழி வளர்க்கிறோம். பறவைக் காய்ச்சல் வராமல் இருக்கத் தண்ணீரில் கலக்கும் பொடியும் டானிக்கும் கடையில் கொடுக்கிறார்கள். வாங்கலாமா? தடுப்பூசி எங்கே கிடைக்கும்?

பதில்: இரண்டுக்கும் காசு கொடுக்காதீர்கள். இது வைரஸால் வரும் நோய். ஆன்டிபயாடிக் பொடியால் அதை ஒன்றும் செய்ய முடியாது, டானிக்கும் தடுக்காது. பறவைக் காய்ச்சல் வைரஸான ஹெச்5என்1-க்கான தடுப்பூசியை நம் நாட்டில் வீட்டுக்கோழிக்குப் போடுவதில்லை. 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்த நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது முதல், நோய் கண்ட இடத்தில் பறவைகளை அழித்து ஒடுக்குவதே அரசின் வழி.

நீங்கள் கேட்டுப் போட வேண்டியது வெள்ளைக்கழிச்சல் என்ற இன்னொரு கோழிநோய்க்கான தடுப்பூசி. எட்டு வாரம் கடந்த கோழிக்கு அரசு கால்நடை மருந்தகத்தில் போடுவார்கள். பெரும்பாலும் பிப்ரவரியில் முகாமும் நடக்கும். அது பறவைக் காய்ச்சலைத் தடுக்காதுதான். ஆனால் இரண்டு நோயிலும் கோழிகள் கொத்துக் கொத்தாகச் சாகும். கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. ஊசி போட்ட கோழிகள் சாகத் தொடங்கினால், "வழக்கமான கழிச்சல்தான்" என்று விட்டுவிடாமல் உடனே சந்தேகப்படலாம்.

கேள்வி: அப்படியானால் எதற்குத்தான் செலவு செய்வது?

பதில்: முதல் செலவு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. தெருவில் போட்டு நடந்த செருப்பைப் புரட்டி, அடியில் இருக்கும் வரிகளைக் குச்சியால் நோண்டிப் பாருங்கள். மண்ணோடு காய்ந்த எச்சமும் வரும். குளத்தங்கரையிலோ கறிக்கடை வாசலிலோ மிதித்த அந்த எச்சம்தான் உங்கள் கூண்டுக்குள் போகிறது. புதுச் செருப்பு கூண்டு வாசலைத் தாண்டி வெளியே வரக் கூடாது. வீட்டார் எல்லோருக்கும் இதே விதிதான்.

அடுத்தது கூரை. வெறும் வலைக்கூரை போதாது. காக்கையின் எச்சம் அதன் வழியாக நேராகத் தீவனத் தட்டில் விழும். தகரமோ தார்ப்பாயோ மேலே வேண்டும். பக்கங்களுக்கு முக்கால் இஞ்ச் கண் உள்ள கம்பி வலை வாங்குங்கள். ஒரு இஞ்ச் வலை காக்கையைத் தடுக்கும், ஆனால் சிட்டுக்குருவி நுழைந்துவிடும். தீவனமும் தண்ணீரும் கூரைக்கு அடியிலேயே இருக்கட்டும். குளத்துத் தண்ணீர் வைக்காதீர்கள்.

மூன்றாவது ப்ளீச்சிங் பவுடர். திறந்த மூட்டையிலிருந்து அள்ளித் தருவதை வாங்காதீர்கள். காற்றும் ஈரமும் பட்டால் குளோரின் போய்விடும். கட்டி தட்டியிருந்தாலோ, பிரித்ததும் மூக்கில் சுரீரென்று ஏறாவிட்டாலோ அது வெறும் சுண்ணாம்புதான். சமீபத்திய தேதியுள்ள பாக்கெட்டாகப் பார்த்து, 10 லிட்டர் தண்ணீருக்கு 300 கிராம் கலந்து, தெளிய விட்டு, மேல் நீரை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றன்று கலக்குங்கள்.

பலரும் தவறுவது இங்கேதான்: எச்சம் அப்பிய தட்டின் மேல் அப்படியே ஊற்றுகிறார்கள். அழுக்கு குளோரினைத் தின்றுவிடும், வைரஸ் தப்பிவிடும். முதலில் சுரண்டி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, பிறகு இந்த நீரில் பத்து நிமிடம் ஊற வையுங்கள். வாசல் தொட்டியில் காலை நனைத்துவிட்டு உள்ளே போவதை நம்ப முடியாததற்கும் அதுதான் காரணம். அழுக்குச் செருப்புக்கு ஒரு நொடி போதாது. கழிப்பறை ஆசிட்டோடு ப்ளீச்சிங் பவுடரை ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

கேள்வி: சந்தையில் நாலு கோழியும் இரண்டு வாத்தும் வாங்க நினைக்கிறோம். எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: பார்த்து வாங்குவதால் மட்டும் பயனில்லை, குறிப்பாக வாத்தை. நோயை வெளியே காட்டாமலே வாத்து வைரஸைக் கழித்துக்கொண்டிருக்கும். 2024 ஏப்ரலில் கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தில், எடத்துவா, செருதனா பகுதிகளில் வாத்துகளிடம்தான் ஹெச்5என்1 உறுதியானது. கோழியோடு வாத்தைச் சேர்த்து வளர்க்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அறுவடை வயலில் வாத்துக் கூட்டம் மேய்ந்தால், உங்கள் கோழிகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

வாங்கிய கோழியை முப்பது நாள் தனியே வையுங்கள்: வேறு கூண்டு, வேறு தட்டு, கடைசியாகத் தீவனம். சந்தைக்குக் கொண்டுபோய் விற்காமல் திரும்பிய கோழிக்கும் இதே முப்பது நாள்தான். முட்டை வியாபாரி தரும் அட்டைத் தட்டைக் கூண்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் முட்டை, கறி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். உள்வரை 70 டிகிரி சூடு ஏறினால் வைரஸ் சாகும். ஆஃப்பாயில் வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைத்தால் வைரஸ் சாகாது.

கேள்வி: கோழிகள் திடீரென்று செத்தால்?

பதில்: கொண்டை நீலம் பாய்வது, தலை வீங்குவது, காலில் இரத்தத் திட்டு, ஓரிரு நாளில் அடுத்தடுத்துச் சாவது — இப்படிக் கண்டால் கால்நடை உதவி எண் 1962-க்கோ கால்நடை மருத்துவருக்கோ உடனே சொல்லுங்கள். அறுக்கவோ, விற்கவோ, வாய்க்காலில் வீசவோ கூடாது. வெறுங்கையால் தொடாதீர்கள். மருத்துவர் மாதிரி எடுக்கும்வரை செத்ததை மூடி வையுங்கள். நாய், காக்கை அண்டக் கூடாது.

சொன்னால் மிச்சக் கோழியும் போய்விடுமே என்று மறைப்பவர்கள் உண்டு. அந்தப் பயம் புரிகிறது. ஆனால் இழப்பீடு அரசு அழிக்கும் உயிருள்ள பறவைகளுக்குத்தான்; முன்பே செத்தவற்றுக்குக் கிடையாது. தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் அந்தத் தொகையும் குறைந்துகொண்டே போகும்.