வேலையை விடுமுன் பி.ஆர். கைக்கு வரட்டும்

கேள்வி: டொரண்டோவில் ஒரு நிறுவனத்தில் வெப் டெவலப்பராக இருக்கிறேன். கனடா வந்து எட்டு மாதம் ஆகிறது. என் வொர்க் பெர்மிட் இந்த நிறுவனத்துக்கு மட்டுமே உரியது. தெரிந்த கடைக்காரர் ஒருவர் வெப்சைட் செய்து தரச் சொல்கிறார், இன்னும் இரண்டு பேரும் கேட்டிருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸ் செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் இப்போது வேண்டாம். உங்கள் திறமையைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. பெர்மிட்டைப் பற்றித்தான் கவலை.

உங்கள் பெர்மிட்டில் பெயர் உள்ள நிறுவனத்தைத் தவிர வேறு யாருக்கும் நீங்கள் வேலை செய்யக் கூடாது. சொந்தத் தொழிலும் அதில் அடங்கும். மாலையிலும் வார இறுதியிலும் செய்வதும் அப்படித்தான். காசு வாங்காமல் செய்து கொடுத்தால் தப்பில்லையே என்று சிலர் நினைக்கிறார்கள். இங்குள்ளவர்கள் சம்பளத்துக்குச் செய்யும் வேலையோடு நேரடியாகப் போட்டியிடும் எதையும் குடிவரவு விதி ‘வேலை’ என்றே கருதுகிறது. கடைக்காரரின் வெப்சைட்டுக்காக பி.ஆர். எனும் நிரந்தர வதிவுரிமையைப் பணயம் வைக்காதீர்கள்.

அடுத்த விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கனடிய வேலை அனுபவத்தை வைத்து விண்ணப்பிக்கும் கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ் வழியாக பி.ஆர். கேட்க, கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் குறைந்தது ஓராண்டு, அதாவது 1,560 மணி நேரம், கனடாவில் திறன்சார் வேலை பார்த்திருக்க வேண்டும். சுயதொழில் அனுபவம் இந்தக் கணக்கில் வராது. ஒரே நிறுவனத்தோடு கட்டிப்போடாத ஓபன் பெர்மிட் உள்ளவர்கள் ஃப்ரீலான்ஸ் செய்யத் தடை இல்லை, ஆனால் அந்த மாதங்கள் இந்த வழிக்கு உதவாது. உங்களுக்கு எட்டு மாதம்தான் ஆகிறது. ஓராண்டை முடியுங்கள், விண்ணப்பியுங்கள், பி.ஆர். வரும்வரை சம்பள வேலையிலேயே இருங்கள். உங்கள் விண்ணப்பத்தில் ஏதாவது வித்தியாசமாக இருந்தால், உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகரிடமோ வழக்கறிஞரிடமோ காட்டிவிடுங்கள்.

காத்திருக்கும் காலத்தை வீணாக்க வேண்டாம். வெப்சைட் கட்டித் தருபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் திரும்பத் திரும்பத் தேடி வருகிற ஒரு வேலையில் கை தேர்ந்துகொள்ளுங்கள். என் பரிந்துரை அக்சஸிபிலிட்டி, அதாவது மாற்றுத்திறனாளிகளும் தடையின்றிப் பயன்படுத்தும்படி வெப்சைட்டை அமைப்பது. ஒன்டாரியோவில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் அமைப்புகளின் பொது வெப்சைட்கள், 2021 ஜனவரி 1 முதல் டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.0 என்ற சர்வதேச அக்சஸிபிலிட்டி நெறிமுறையின் ஏஏ நிலையை எட்டியிருக்க வேண்டும் என்று மாகாணச் சட்டம் சொல்கிறது.

மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, உங்கள் அலுவலக வெப்சைட்டில் ஒரு படிவத்தை, டேப் கீயால் நகர்ந்து, கீபோர்டால் மட்டும் நிரப்பிப் பாருங்கள். கர்சர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிகிறதா? தேதி தேர்வுப் பெட்டி திறந்த பிறகு அதிலிருந்து வெளியே வர முடிகிறதா? தவறாக நிரப்பினால் வரும் எச்சரிக்கை வெறும் சிவப்புக் கோடாக நின்றுவிடுகிறதா, என்ன தப்பு என்று எழுத்திலும் சொல்கிறதா? வெளிர்சாம்பல் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 வேறுபாடு இருக்கிறதா? இதையெல்லாம் குறித்து, எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று வரிசைப்படுத்தி ஓர் அறிக்கை எழுதப் பழகுங்கள். நாளை வாடிக்கையாளர் உங்களுக்குப் பணம் கொடுக்கப்போவது அந்த அறிக்கைக்குத்தான். அதைச் சரிசெய்யும் வேலையும், மாதாமாதம் பராமரிக்கும் வேலையும் பெரும்பாலும் அதன் பின்னாலேயே வரும். மாத வருமானம் உறுதியாக இருந்தால்தான் தனியாக நிற்க முடியும்.

வேலையை விடுமுன் உங்கள் ஒப்பந்தத்தை நிதானமாக வாசியுங்கள். அலுவலகப் பணியாக எழுதிய கோட் பொதுவாக நிறுவனத்துக்கே சொந்தம், அனுமதி கேட்காமல் அதைப் போர்ட்ஃபோலியோவில் போடாதீர்கள். போட்டித் தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனையைச் சாதாரண ஊழியர்மீது விதிக்க, 2021 அக்டோபர் 25 முதல் ஒன்டாரியோவில் தடை உண்டு. நிறுவனத்தின் வாடிக்கையாளர்களை இழுக்கக் கூடாது என்ற நிபந்தனை வேறு, அது செல்லுபடியாகலாம்.

பி.ஆர். கிடைத்ததும் தனிநபர் தொழிலாகத் தொடங்கினால் போதும், கம்பெனி பதிவு அப்புறம் பார்க்கலாம். உங்கள் சொந்தப் பெயரிலேயே நடத்தினால் தொழில் பெயரைப் பதிய வேண்டியதில்லை. தொடர்ந்து நான்கு காலாண்டுகளில் மொத்த விற்பனை 30,000 டாலரைத் தாண்டினால் ஜி.எஸ்.டி./எச்.எஸ்.டி. எனும் விற்பனை வரிக்குப் பதிவு கட்டாயம். ஒரே காலாண்டில் தாண்டினாலும் அப்படித்தான். அமெரிக்க வாடிக்கையாளருக்குச் செய்யும் வேலைக்குப் பொதுவாக வரி பூஜ்யம் என்றாலும், அந்தத் தொகையும் இந்த 30,000 கணக்கில் சேரும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

இதுவரை சி.பி.பி. எனும் கனடா ஓய்வூதியத் திட்டச் சந்தாவில் பாதியை நிறுவனம் கட்டியது, இனி இரண்டு பாதியும் உங்களுடையது: அடிப்படை விலக்குக்கு மேல், உச்சவரம்பு வரை, நிகர வருமானத்தில் 11.9 சதவீதம். சுயதொழில் செய்பவர்கள் வருமான வரிக் கணக்கை ஜூன் 15 வரை தாக்கல் செய்யலாம், ஆனால் பணத்தை ஏப்ரல் 30-க்குள் கட்டிவிட வேண்டும், தாமதித்தால் வட்டி ஏறும். அதனால் வரும் ஒவ்வொரு தொகையிலும் ஒரு பங்கை அன்றே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

பழைய நிறுவனமே ‘காண்ட்ராக்ட்டில் வாருங்கள்’ என்று அழைத்தால் யோசித்து ஒப்புக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில், அவர்கள் சொல்லும் நேரத்தில், அவர்கள் கொடுக்கும் லேப்டாப்பில் வேலை செய்தால், வரித்துறை உங்களை ஊழியராகவே கருதக்கூடும். வேலை எப்படி, எப்போது நடக்கும் என்பதை நீங்கள் தீர்மானிப்பதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள், நடைமுறையிலும் அப்படியே இருக்கட்டும். கூடவே இரண்டாவது வாடிக்கையாளரையும் தேடத் தொடங்கிவிடுங்கள்.