2040-களில் ஏவப்போகும் விண்வெளித் தொலைநோக்கிக்கு இப்போதே ஏன் செலவு செய்கிறார்கள்?

நாசாவின் ஹேபிடபிள் வேர்ல்ட்ஸ் அப்சர்வேட்டரியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எப்படியும் 2040-களில்தான் ஏவப்போகிறார்கள், ராக்கெட்டெல்லாம் இவ்வளவு வேகமாக முன்னேறும்போது இப்போதிருந்தே எதற்குக் குழு, அலுவலகம், ஆய்வு என்பது உங்கள் கேள்வி. நியாயமான எரிச்சல்தான். நான் ஒளியியல் சோதனைக்கூடம் ஒன்றில் கண்ணாடிகளை அளக்கிற வேலை பார்ப்பவன். விண்வெளிக்குப் போகும் எதையும் தொட்டதில்லை. ஆனாலும் இந்தத் திட்டத்தை நேரம் பிடிக்க வைப்பது எது என்று என் மேசையிலிருந்தே ஓரளவு தெரிகிறது.

அதைச் சொல்வதற்கு முன், இந்தத் தொலைநோக்கியிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். எந்தத் திட்டங்கள் முதலில் வேண்டும் என்று அமெரிக்க வானியலாளர்கள் 10 ஆண்டுக்கு ஒருமுறை தொகுக்கும் அறிக்கை 2021-ல் வெளிவந்தது. அதில் கேட்டது இதுதான்: சுமார் 6 மீட்டர் கண்ணாடி, புற ஊதாவிலிருந்து அகச்சிவப்பின் தொடக்கம் வரை பார்க்கும் திறன், மதிப்பீடு 1100 கோடி டாலர். உயிர் வாழத் தோதான கோள்கள் சுமார் 25-ஐயாவது நேரடியாகப் பார்த்து அவற்றின் காற்றை ஆராய வேண்டும். சிக்கல் அந்த ‘நேரடியாக’ என்பதில்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சூரியன் பூமியைவிடச் சுமார் 1000 கோடி மடங்கு பிரகாசம். அந்த நட்சத்திர ஒளியை மறைத்துவிட்டுப் பக்கத்தில் இருக்கும் புள்ளியை மட்டும் எடுக்க வேண்டும்.

மறைப்பது புது வித்தை இல்லை. 1930-களில் பிரான்சில் பெர்னார் லியோ, கிரகணத்துக்குக் காத்திராமல் சூரியனின் கொரோனாவை, அதாவது அதைச் சுற்றியுள்ள மங்கலான ஒளிவட்டத்தைப் பார்ப்பதற்காகவே, நடுவில் இருக்கும் ஒளியை மறைக்கும் கொரோனாகிராஃப் என்ற கருவியைச் செய்தார். ஆனால் கண்ணாடியின் வடிவம் துளி மாறினாலும் மறைத்த ஒளி கசிந்துவிடும். கசிந்த புள்ளி அச்சு அசலாகக் கோள் மாதிரியே இருக்கும். அதனால் ஒரு கோளைப் பார்த்து முடிக்கும்வரை, மணிக்கணக்கில், மொத்த ஒளியியல் அமைப்பும் பத்து இருபது பிக்கோமீட்டருக்கு (ஒரு மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் பிக்கோமீட்டர்) மேல் அசையக் கூடாது. ஹைட்ரஜன் அணுவின் குறுக்களவே சுமார் 100 பிக்கோமீட்டர்.

எங்கள் கூடத்தில் ஒரு கண்ணாடியை இன்டர்ஃபெரோமீட்டரில் (ஒளி அலைகளை ஒன்றோடொன்று சேர்த்து வடிவத்தை அளக்கும் கருவி) வைத்தால் திரையில் கறுப்பும் வெளுப்புமாகக் கோடுகள் தெரியும். ஏசி ஓடத் தொடங்கினால் கோடுகள் நெளியும். மேசையில் யாராவது முழங்கை ஊன்றினால் மொத்தமாக நகர்ந்துவிடும். சுற்றிலும் பாலித்தீன் திரை கட்டி, காற்று அடங்கும்வரை காத்திருந்து அளந்தாலும் எங்களுக்குக் கிடைப்பது நானோமீட்டர் (1000 பிக்கோமீட்டர்) கணக்கு. அவர்கள் கேட்பது அதிலும் நூற்றில் ஒரு பங்கின் பக்கம். (அணுவைவிடச் சிறிய நீளத்தை எப்படி அளப்பது என்று தோன்றும். ஒளிக்கற்றை படும் இடத்தில் கோடிக்கணக்கான அணுக்கள் இருக்கின்றன. அளப்பது அவற்றின் சராசரியை.) வெப்பத்துக்கு அநேகமாக விரியாத கண்ணாடி, கண்ணாடித் துண்டுகளின் விளிம்பு நகர்வதை லேசரால் கண்காணிப்பது, திசை திருப்பும் சக்கரங்களின் அதிர்வைத் தடுப்பது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே வெற்றிட அறையில் செய்து காட்டியாக வேண்டும். ஏவும் தேதியை எழுதிவிட்டு நடுவழியில் கண்டுபிடித்துக்கொள்கிற சமாச்சாரம் இல்லை இது.

நாசாவின் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி இந்தப் பாடத்தைப் பாதிதான் கற்றுக்கொண்டது. முதல் பேச்சு 1989-ல், அதற்கு முந்தைய ஹபிள் தொலைநோக்கி மேலே போவதற்கு முன்பே. தொடக்கத்தில் சொன்ன தொகை சுமார் 100 கோடி டாலர். முடிந்தபோது 1000 கோடியைத் தொட்டிருந்தது. மண் பார்க்காமல் வீட்டுக்கு மதிப்பு போட்ட மேஸ்திரி கதைதான். இத்தனைக்கும் அதன் புதுத் தொழில்நுட்பங்கள் 2007 தொடக்கத்திலேயே தயார் என்று சான்று பெற்றுவிட்டன. ஆனால் ஏவியது 2021 டிசம்பர் 25. 2010-ல் விசாரித்த தனிக்குழு, கோளாறு தொழில்நுட்பத்தில் இல்லை, பட்ஜெட்டிலும் நிர்வாகத்திலும்தான் என்று எழுதியது. அதனால் ‘முதலில் தொழில்நுட்பத்தை முதிர வைத்தால் போதும்’ என்று யாராவது சொன்னால் நான் முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன். விலை போடுவதற்கு முன் முதிர வைக்க வேண்டும், போட்ட பிறகு ஆண்டுதோறும் பணத்தை ஒழுங்காகக் கொடுக்கவும் வேண்டும். இந்த முறை முதல் பாதியையாவது சரியாகச் செய்கிறார்கள். இந்தத் திட்டத்துக்காக 2024-ல் நாசாவின் கோடார்டு மையத்தில் திறந்த அலுவலகத்தின் வேலையே தொழில்நுட்பத்தை முதிர வைப்பதுதான்.

ராக்கெட் வளர்ச்சியால் ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. 6.5 மீட்டர் கண்ணாடி கொண்ட ஜேம்ஸ் வெப்பை ஏரியான் 5 ராக்கெட்டின் 5.4 மீட்டர் மூக்குக்குள் மடித்துத் திணித்ததில், ஒன்று பழுதானால் மொத்தமும் போய்விடும் என்கிற இடங்கள் 344 இருந்தன. மூக்கு அகலமானால் மடிப்பு குறையும், எடையிலும் கஞ்சத்தனம் பண்ண வேண்டாம். அப்புறம், ரோபோ போய்ப் பழுது பார்க்கும்படி வடிவமைக்க வேண்டும் என்பதும் திட்டத்தில் இருக்கிறது. ஆனால் எவ்வளவு பெரிய ராக்கெட் வந்தாலும் பிக்கோமீட்டர் பிரச்சினை அப்படியேதான் இருக்கும்.

இதைத் தொடர்ந்து கவனிக்க நினைத்தால், 2027 மே மாதத்துக்குள் ஏவ வேண்டும் என்று குறித்திருக்கும் நாசாவின் ரோமன் விண்வெளித் தொலைநோக்கியைப் பாருங்கள். அதில் சோதனைக்கென்றே ஒரு கொரோனாகிராஃப் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் 2304 நுண்ணிய தள்ளுகோல்கள் கொண்ட இரண்டு வளையும் கண்ணாடிகள், கசியும் ஒளியைப் பறக்கும்போதே திருத்தும். முதல் 18 மாதத்தில் சுமார் 90 நாள் அதற்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த 90 நாளில் ஒளி எவ்வளவு தூரம் அடங்குகிறது என்பதை வைத்துத்தான் ஹேபிடபிள் வேர்ல்ட்ஸ் தொலைநோக்கியின் வரைபடத்தில் பல இடங்களில் அழித்து எழுதுவார்கள்.