மதுரையில் மெட்ரோ அல்லது லைட் மெட்ரோ (குறைந்த கொள்ளளவுள்ள சிறிய மெட்ரோ) தடம் திட்டமிடும்போது பொதுமக்கள் சொல்வது எந்தக் கட்டத்தில் எடுபடும்? எப்படிச் சொல்ல வேண்டும்?

நிலத்துக்கு நோட்டீஸ் வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நிலையம் எங்கே, ஏறி இறங்கும் வாசல் சாலையின் எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் முடிவாகும் கட்டம்தான் நமக்கான நேரம். நோட்டீஸ் வந்த பிறகு கொடுக்கும் ஆட்சேபணையால் இழப்பீட்டுத் தொகை கூடலாம். தடம் மாறுவது அரிது.

மதுரைக்கு இன்னும் அந்த நேரம் இருக்கிறது. திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை சுமார் 32 கி.மீ. தடத்துக்கான திட்ட அறிக்கையை ஒன்றிய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. 2017 மெட்ரோ கொள்கை கேட்கும் 20 லட்சம் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்புப்படி இங்கே இல்லை என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. அதே கொள்கை, மெட்ரோ, லைட் மெட்ரோ, தனித்தட பஸ் என மாற்று வழிகளை ஒப்பிட்டுக் காட்டச் சொல்கிறது. அடுத்து எது வந்தாலும் இந்த ஒப்பீடு நடக்கும்போதே உள்ளே நுழையுங்கள்.

சட்டமே கூட்டம் போட்டு நம்மைக் கேட்கும் என்று காத்திருக்க வேண்டாம். 2013 நில எடுப்புச் சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீடும் பொது விசாரணையும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் மெட்ரோவுக்குப் பெரும்பாலும் 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தில்தான் நிலம் எடுக்கிறார்கள். அதில் 'ஏன் எடுக்கக் கூடாது' என்ற நோட்டீசுக்கு எழுத்தில் பதில் கொடுப்பதுதான் நம் வாய்ப்பு. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலிலும் ரயில் பாதை இல்லை; அதனால் அந்த வழியிலும் நம்மைக் கேட்பது கட்டாயமில்லை. பொதுமக்கள் கலந்தாய்வைக் கட்டாயமாக்குவது பெரும்பாலும் கடன் கொடுக்கும் வங்கிகள்தான். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு ஜைக்கா (ஜப்பான் அரசின் கடனுதவி அமைப்பு), ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவை கடன் கொடுத்துள்ளன. இங்கே யார் கொடுக்கப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். இடம் இழப்பவர்களுக்கான மறுகுடியமர்வுத் திட்டத்தைப் பொதுவில் வைக்கவும் புகார்க் குழு அமைக்கவும் அவர்களுடைய விதிகளே வற்புறுத்தும்.

கூட்டம் நடந்தாலும், சுவரில் ஒட்டிய சின்ன வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். 1:500 அல்லது 1:1000 அளவு வரைபடத்தின் மேல் டவுன் சர்வே எண்களைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் மனு. 30 நாளில் பதில் வர வேண்டும். திட்ட அறிக்கையில் மாற்று வழி ஒப்பீடு, பயணிகள் எண்ணிக்கைக் கணிப்பு, மண் பரிசோதனை ஆகிய பகுதிகளின் நகலைத் தனித்தனியாகக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். 'எல்லா விவரமும் தருக' என்றால் ஒன்றும் வராது.

மனு எழுதும் விதத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஒரே வாசகத்தில் முந்நூறு கையெழுத்து போட்டால் அது ஒரே கோரிக்கையாகத்தான் பதிவாகும். 'எங்கள் தெருவுக்கு வேண்டாம்' என்பதற்குப் பொறியாளரால் பதில் வரைய முடியாது. கோரிப்பாளையத்தை எடுத்துக்கொள்வோம். ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளி நிலையத்தை விட்டு வெளியே வந்தபின் சாலையைக் கடக்கக் கூடாது என்றால், லிஃப்ட் உள்ள வாசல் பனகல் சாலைப் பக்கம் வர வேண்டும். எந்த மணிக்கு எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று வேலைநாளில் ஒன்று, ஞாயிறு ஒன்று எனக் கணக்கெடுத்து, வாசல் வர வேண்டிய இடத்தைப் படத்தில் குறித்துக் கொடுங்கள். அப்படி வந்த மனுவுக்கு ஏற்பு அல்லது மறுப்பு என்று எழுத்தில் காரணம் சொல்லியாக வேண்டிய நிலை வரும்.

மதுரைக்கே உரிய விஷயங்களை வெளியூர் ஆலோசகர் தானாகக் கண்டுபிடிக்க மாட்டார். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேர் சுற்ற வேண்டும். அழகர் தல்லாகுளம் வழியாக ஆற்றுக்கு வர வேண்டும். அந்த நாட்களில் தடுப்புத் தகரம் எங்கே நிற்கும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். வேலை ஆரம்பித்த பிறகு கேட்டால் கூடுதல் செலவு என்று பேச்சு முடிந்துவிடும். கீழமாசி வீதி மொத்தக் கடைகளுக்குச் சரக்கு இறங்கும் நேரமும், மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டின் விடியற்காலைக் கூட்டமும் அப்படித்தான். லைட் மெட்ரோ தரையில் ஓடினால் இருபுறமும் வேலி வரும். திருப்பரங்குன்றத்தில் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் எங்கே கடக்கும் என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

சுரங்கப் பகுதிக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக் காரை வீடு இருந்தால், தோண்டும் முன் கட்டட நிலை ஆய்வு கேளுங்கள். ஒவ்வொரு விரிசலின் மேலும் ஸ்கேல் வைத்துத் தேதியுடன் படம் எடுத்து இருதரப்பும் கையெழுத்திட வேண்டும். கிணற்று நீர்மட்டத்தையும் அடிக்கணக்கில் எழுதி வையுங்கள். நிலையக் குழியில் நீரை இறைக்கும்போது பக்கத்துக் கிணறுகள் இறங்கக்கூடும். ஆதாரம் இல்லாவிட்டால் 'பழைய விரிசல்' என்று ஒதுக்கிவிடுவார்கள்.

கூட்டத்துக்கு வராதவர்கள் பெரும்பாலும் வாடகைக் கடைக்காரர்களும் நடைபாதை வியாபாரிகளும்தான். வேலைநாள் பகல் 11 மணிக்கு ஹோட்டல் அரங்கில் வைத்தால் கடையை விட்டு யார் வருவார்கள்? இரவு எட்டு மணிக்கு மேல் அந்தந்தப் பகுதியிலேயே வைக்கச் சொல்லுங்கள். வாடகைதாரர் மூன்றாண்டுக்கு மேல் அங்கே இருந்ததற்கு ஒப்பந்தம், கரண்ட் பில், தொழில் உரிமம் சேர்த்து வைக்கட்டும். நடைபாதை வியாபாரிக்கு 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி விற்பனைச் சான்றிதழ் அவசியம். அது இல்லாதவர் பெயர் கணக்கெடுப்பில் எளிதாக விடுபட்டுப் போகும்.

மாநகராட்சிக்குள் வார்டு பகுதி சபை, ஊராட்சிகளில் கிராம சபை. இரண்டிலும் தீர்மானமாக எழுதி, தீர்மான எண்ணுடன் நகல் வாங்குங்கள். அதையே கலெக்டரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் திட்ட நிறுவனத்திடமும் கொடுத்து, இரண்டு இடத்திலும் ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும்.